உறை போட்ட கத்தரிக்காய்

இரண்டு வருடங்களுக்கு முன், ஆடி மாதத்தில் ஒரு சனிக்கிழமை காலை. பட்டாபிராமிலிருந்து சென்ட்ரல் போகும் மின்சார ரயிலில், பெண்கள் பெட்டியில் நடந்தது இது. பொதுவாக நான் ரயிலில் போகிறவள் இல்லை. அம்பத்தூரில் ஆபீஸ். ஸ்கூட்டரில் போய் ஸ்கூட்டரில் வந்துவிடுவேன். அந்த வாரம் ஸ்கூட்டர் மெக்கானிக் கடையில் படுத்துக்கொண்டது. சனிக்கிழமையும் வேலைக்கு வரச் சொல்லி ஆபீஸில் உயிரை வாங்கினார்கள். அந்தக் கடுப்போடுதான் ரயில் ஏறினேன்.

என் பைத்தியத்தைப் பற்றி முதலில் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். எனக்கு போர்டு கேம், கார்டு கேம் என்றால் உயிர். தாயம், பல்லாங்குழியோடு நிற்கிற ஆசை இல்லை. ஒரு பெட்டியைத் திறந்தால் எழுபது கார்டு, நாற்பது மரக்கட்டை, பதினாறு பக்கத்தில் விதிப் புத்தகம் என்று கொட்டுமே, அந்த ரகம். எங்கள் ஃபிளாட்டில் பீரோவை விடப் பெரிய அலமாரி இவற்றுக்குத்தான். ஞாயிற்றுக்கிழமை மதியம் நான், என் கணவர், மூன்றாவது மாடித் தம்பதி, நாலு பேரும் உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டோம். விளையாடியதோடு விடாமல், யூடியூபில் தமிழில் விமர்சனமும் போடுவேன். மேஜையும் என் இரண்டு கைகளும் மட்டும்தான் தெரியும். முகம் காட்ட மாட்டேன். கடைசியில் பத்துக்கு இத்தனை என்று மார்க். "நான் எதையும் முகத்துக்கு நேராச் சொல்லிடுவேன்" என்று ஒவ்வொரு வீடியோவிலும் பெருமை அடித்துக்கொள்வேன். முகமே காட்டாதவள் அதைச் சொல்கிறாளே என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

என் மாதிரி ஆட்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. புது கேம் வந்தால் முதல் வேலை, ஒவ்வொரு கார்டையும் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் உறைக்குள் போடுவது. ஸ்லீவ் என்போம். கை வியர்வை படக்கூடாது, ஓரம் தேயக்கூடாது, பஜ்ஜி சாப்பிட்ட விரலோடு யாரும் தொட்டுவிடக்கூடாது. சில பேர் வீட்டில் செருப்பைக் கழற்றாமல் உள்ளே போக முடியாதே, அதே மாதிரி எங்கள் வீட்டில் உறை போடாமல் கார்டு மேஜைக்கு வராது.

அந்த ஆடிக்கு ஒன்றரை மாதம் முன்பு ஒரு பார்சல் வந்தது. பெட்டி கிடையாது. மஞ்சள் துணியில் தைத்து, நீல நாடா கட்டிய ஒரு பை. உள்ளே கார்டுகள், அரைப் பக்கத்தில் விதிகள், ஒரு சின்னக் கடிதம். 'நானே செய்தது அக்கா, விளையாடிப் பார்த்துச் சொல்லுங்கள்' என்று எழுதியிருந்தது. கார்டுகளில் காய்கறிப் படங்கள்: கத்தரிக்காய், வெண்டைக்காய், முருங்கைக்காய், பாகற்காய், தக்காளி. கையில் இருக்கும் சமையல் சீட்டில் சாம்பார் என்று வந்தால் அதற்கான காய்களைப் பையிலிருந்து எடுத்துச் சேர்க்க வேண்டும். சொத்தைக் கத்தரிக்காய் வந்தால் சேர்த்ததெல்லாம் போச்சு. ஒரு சுற்றுக்கு நேரம், 'அடுத்த ஸ்டேஷன் வரும் வரை அல்லது மூன்று நிமிடம்'.

ஆபீஸ் மீட்டிங் ஒரு காதில் ஓட, என் கை பாட்டுக்கு உறை போட்டுக்கொண்டிருந்தது. சில கார்டுகளின் ஓரம் குழிந்திருந்தது, சிலவற்றின் மூலை நறுக்கியிருந்தது, சில பல் பல்லாக இருந்தன. சரியான மட்டமான வேலை என்று நினைத்தேன். ஞாயிற்றுக்கிழமை நாலு பேரும் விளையாடினோம். பையில் கை விடுவது, வந்ததை எடுப்பது. தக்காளி வேண்டும் என்றால் பாகற்காய் வரும். இருபது நிமிடத்தில் மூன்றாவது மாடிக்காரர் கொட்டாவி விட்டார். அவ்வளவுதான், எனக்கு விமர்சனம் தயார்.

"இதில் மூளைக்கு வேலையே இல்லை, முழுக்க முழுக்க அதிர்ஷ்டம். கார்டு வெட்டின மெஷின் தூங்கிக்கொண்டே வெட்டியிருக்கிறது. பத்துக்கு மூன்று. அந்த மூன்றும் பைக்கு." இதுதான் நான் வீடியோவில் சொன்னது. நிறையப் பேர் சிரிப்புப் பொம்மை போட்டார்கள். நானும் அதைத் திரும்பத் திரும்பப் பார்த்து ரசித்தேன் என்பதை மறைக்க விரும்பவில்லை.

இனி ரயிலுக்கு வருவோம். இந்து காலேஜ் தாண்டியதும் கூட்டத்துக்கு நடுவிலிருந்து ஒரு கூச்சல்.

"பாவக்கா எட்றீ! சீக்கிரம், ஆவடி வந்துரும்!"

எட்டிப் பார்த்தேன். ஜன்னலோர சீட்டில் எதிரும் புதிருமாக மூன்று பெண்கள். டிபன் பை தோளில், அடையாள அட்டை கழுத்தில். நடுவில் இருந்தவரின் மடியில் மஞ்சள் துணிப்பை, நீல நாடா. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான் மூன்று மார்க் போட்ட அதே பை.

உரத்த குரலுக்குச் சொந்தக்காரர் நல்ல வாட்டசாட்டமான அம்மா. அவர் பைக்குள் கையை விட்டு, ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே எதையோ துழாவினார். முகத்தில் அப்படி ஒரு கவனம். 'பாவக்கா' என்று சொல்லி எடுத்தார். பாகற்காய்தான். 'முருங்கக்கா' என்றார். முருங்கைக்காயேதான். ரயில் ஆவடியில் வேகம் குறைக்க, மூன்று பேரும் "கையெடு, கையெடு!" என்று கத்திச் சிரித்தார்கள். சுற்று முடிந்துவிட்டதாம்.

சொன்ன காய் சொன்னபடி வருகிறது! அதிர்ஷ்டம் வரிசையாக இப்படி வராது. என் மூளையில் ஓடியது ஒன்றே ஒன்று, கள்ளாட்டம். கார்டில் அடையாளம் வைத்து விளையாடுவதை விடப் பெரிய பாவம் எங்கள் உலகத்தில் கிடையாது. வாய் சும்மா இருக்குமா? முன்பின் தெரியாதவரிடம் கேட்டே விட்டேன். "ஏங்க, இந்தக் கார்டுல ஏதாவது அடையாளம் பண்ணி வெச்சிருக்கீங்களா?"

அந்த அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். "பின்ன? அதாம்மா ஆட்டமே!"

அவரே நகர்ந்து இடம் கொடுத்தார். "உக்காரு, நீயும் ஒரு கை உடு. கத்திரிக்கான்னா குழி. வெண்டக்கான்னா மூல நறுக்கிக்கீது. பாவக்கா ரம்பம் மாரி கீது. முருங்கக்காக்கு சைடுல ரெண்டு வெட்டு. தக்காளி மொழுக்குன்னு கீது. சொத்தக் கத்திரிக்காக்கு மட்டும் குழிக்குள்ள சின்னதா ஒரு கீறல் கீது, உஷாரு!"

பைக்குள் கையை விட்டேன். உறை இல்லாத அட்டைகள் விரலில் பட்டன. குழி, பல், நறுக்கிய மூலை என்று ஒவ்வொன்றாகத் தட்டுப்பட்டன. வீட்டில் எனக்குக் கிடைத்ததெல்லாம் பிளாஸ்டிக்தான். எல்லாக் காயும் ஒரே வழுவழுப்பு. மேஜைக்கு வருவதற்கு முன்பே அந்த விளையாட்டை நான் கொன்றுவிட்டுத்தான் விளையாடியிருக்கிறேன்.

ஆனாலும் விரல் சும்மா இருக்கவில்லை. ஒரு குழி கிடைத்தது. உள்ளே கீறல் இருக்கிறதா, இல்லையா? இருக்கிற மாதிரியும் இருந்தது. ரயில் அண்ணனூரை நெருங்க, மூன்று பேரும் என் முகத்தையே பார்க்க, துணிந்து எடுத்தேன். நல்ல கத்தரிக்காய்! ஸ்கூலில் பரிசு வாங்கிய பிள்ளை மாதிரி நான் கத்திய கத்தலில் பக்கத்து சீட்டுப் பெண் விழித்துக்கொண்டாள்.

அப்போதுதான், அதுவரை அதிகம் பேசாமல் பையை மடியில் பிடித்துக்கொண்டிருந்த பெண் என் மணிக்கட்டைப் பார்த்தார். தோசைக்கல்லில் சுட்டுக்கொண்ட பிறை மாதிரித் தழும்பு ஒன்று அங்கே உண்டு.

"இந்தக் கைய நான் பாத்துக்கீறேன்," என்றார் மெதுவாக. "நெறைய வாட்டி பாத்துக்கீறேன். குரலும் அதேதான். நீங்க வீடியோ போடற அக்காதானே?"

கூட்ட நெரிசலில் ஓடவும் வழி இல்லை. தலையை ஆட்டினேன். அவர் அம்பத்தூர் எஸ்டேட்டில் அட்டைப்பெட்டி செய்யும் கம்பெனியில் ஒட்டும் பிரிவில் இருக்கிறார். அந்த விளையாட்டை யோசித்துச் செய்தது அவர்தான்.

"இன்னாது, அந்த மூணு மார்க் பொம்பளையா?" என்று உரத்த குரல் அம்மா பெட்டி முழுக்கக் கேட்கும்படி சொன்னார். சேலையை இழுத்து முகத்தை மூடிக்கொள்ளலாம் என்றால் நான் அன்றைக்குச் சுடிதார்.

அந்தப் பெண்ணுக்குக் கோபம் வந்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். பதிலுக்கு நானும் வாயாடித் தப்பித்திருப்பேன். அவரோ ஒரு சந்தேகம்தான் கேட்டார். "வீடியோல கார்டெல்லாம் பளபளன்னு இருந்துச்சே, அது லைட்டுங்களாக்கா?"

உறை போடும் பழக்கத்தைச் சொன்னேன். மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு விழுந்து விழுந்து சிரித்தார்கள். "ரிமோட்டுக்குக் கவர் போட்ற மாரி கத்திரிக்காக்கும் போட்டுட்டியா நீயி!" என்று அந்த அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். அடக்க முடியாமல் நானும் சிரித்துவிட்டேன்.

சிரிப்பு அடங்கியதும் விளையாட்டைச் செய்தவர் சொன்னார். "மார்க்கெட்ல வெண்டக்காவ ஒட்ச்சிப் பாக்காம வாங்குவீங்களாக்கா? பேசிக்கினே நிப்போம், கை பாட்டுக்கு நல்லதா பொறுக்கும். அதப் பாத்துதான் இது தோணுச்சு. ரயில்ல மேஜைக்கு எங்க போறது? ஒரு பை இருந்தா போதும்னு பண்ணேன்." ஞாயிறுதோறும் நானும் ஆவடி மார்க்கெட்டில் வெண்டைக்காய் நுனியை ஒடித்து, கடைக்காரரிடம் திட்டு வாங்குகிறவள்தான். வீட்டுக்கு வந்ததும் அந்தக் கையை மறந்துவிட்டேன் போலிருக்கிறது.

"இனிமே ஒண்ணும் பிரச்சன இல்லக்கா," என்று அவரே என்னைத் தேற்றினார். "நீங்க சொன்னப்புறம் சரி பண்ணிட்டோம். வானகரம் மண்டபத்துல அடுத்த மாசம் கேம்ஸ் மேளா வருதுல்ல, அங்க உள்ளூர்ல செய்றவங்களுக்கு டேபிள் தராங்க. கேட்டேன். உங்க வீடியோவப் பாத்துட்டு, கட்டிங்க சரி பண்ணிட்டு வாங்கன்னாங்கோ. அதான் இந்தத் தபா எல்லாத்தையும் நேரா வெட்டச் சொல்லிட்டேன். குழியும் வாணாம், பல்லும் வாணாம்."

எனக்குச் சிரிப்பு போய்விட்டது. "எப்போ வெட்டறாங்க?"

"இன்னிக்குத்தான். எங்க கம்பெனில கட்டிங் மெஷின் ஓட்ற அண்ணாத்தே எட்டு மணிக்கே ஆரம்பிச்சிருப்பாரு."

மணி எட்டு இருபது. ரயில் திருமுல்லைவாயிலில் நின்று கிளம்பியது.

அந்த இரண்டு மூன்று நிமிடத்தில் நான் பேசியது போல ஆபீஸில் ஒரு நாளும் பேசியதில்லை. நேராக வெட்டினால் அது விளையாட்டே இல்லை, நான் சொன்ன மாதிரி வெறும் அதிர்ஷ்டம்தான், தப்பு உங்கள் கட்டிங்கில் இல்லை, என் உறையில் என்று மூச்சுவிடாமல் சொன்னேன். அவர் நம்பவில்லை. "நூறு கேம் ஆடினவங்க நீங்க. உங்களுக்குத் தெரியாதா? நாங்க மூணு பேரு ரயில்ல சிரிக்கிறதுக்குச் சரி, வெளிய வெக்க முடியுமா?" என்றார். நான் வாயில் வந்ததைச் சொன்னதை அவர் ஒரு மாதமாக வேதவாக்காக எடுத்துவைத்திருக்கிறார். உண்மையில் அதுதான் என்னை அழவைத்துவிடும் போலிருந்தது.

கடைசியில் உரத்த குரல் அம்மாதான் வழக்கை முடித்தார். "ஏய், மூணு மார்க் போட்டவளே வந்து தப்புன்றா. இன்னும் யாரு வந்து சொல்லணும் உனுக்கு? போனப் போடு!"

போன் அடித்துக்கொண்டே இருந்தது. மெஷின் சத்தத்தில் எடுக்க மாட்டார் என்றார். அம்பத்தூர் வந்தது, என் ஸ்டேஷன். நான் இறங்கவில்லை. அடுத்த பட்டரவாக்கத்தில் விளையாட்டைச் செய்தவரும் நானும் இறங்கி, எஸ்டேட் ரோட்டில் லாரிகளுக்கு நடுவே ஏறக்குறைய ஓடினோம். ஆபீஸிலிருந்து வந்த இரண்டு அழைப்பை நான் எடுக்கவில்லை.

கம்பெனி ஷெட்டுக்குள் நுழையும்போதே 'டக்... டக்...' என்று சத்தம் வந்தது. காக்கி அரைக்கால் சட்டையில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் கட்டிங் மெஷினுக்கு முன் நின்றிருந்தார். பெரிய தாள்களில் அச்சிட்ட காய்கறிகள் ஒரு பக்கம் அடுக்காக இருந்தன. மறுபக்கம், வெட்டி முடித்த ஒரு கட்டு. ஓரம் அவ்வளவு நேர்.

"அண்ணாத்தே, நிறுத்து! வெட்டாத!"

மெஷின் நின்றது. "நேரா வெட்டுன்னு நீதானே சொன்ன?"

"இவங்க சொன்னாங்கன்னு சொன்னேன்."

"இப்ப வாணான்றது யாரு?"

"இவங்கதான்."

அவர் என்னை நிதானமாகப் பார்த்தார். "யம்மா, முடிவு பண்ணிட்டீங்களா, இல்ல நான் ஒரு டீ குட்ச்சிட்டு வரட்டா?"

பிறகு அவரே தாள் அடுக்கைத் தட்டிக் காட்டினார். தாள் முழுசாக இருந்தால்தான் வடிவம் வெட்டும் அச்சை அதன் மேல் வைத்து அழுத்த முடியும், துண்டாக்கிவிட்டால் ஒன்றும் செய்ய முடியாது என்றார். நல்லவேளை, போனது ஒரே ஒரு கட்டுதான். அரை மணி நேரமாக ஒரு கட்டுதானா என்று என்னோடு வந்தவரே ஆச்சரியப்பட்டார். "நேரா வெட்ட கை வரல," என்றார் மெஷின்காரர் சுருக்கமாக. மூலையில் சாய்த்து வைத்திருந்த பழைய அச்சைத் தூக்கிக் காட்டினார். ஒட்டுப்பலகையில் பதித்த பிளேடுகள். பாகற்காயின் ஒவ்வொரு பல்லையும் அவரே குறடு பிடித்து வளைத்திருக்கிறார். மூன்று சனிக்கிழமை வேலை.

வெட்டின மெஷின் தூங்கியது என்று நான் சொன்னது இவரைத்தான். அந்த வீடியோவை இவருக்குக் காட்டவே இல்லை என்பது அந்தப் பெண் என்னைப் பார்த்துக் கண்ணால் 'வேண்டாம்' என்றபோது புரிந்தது. சொல்லாமல் போய்விடலாம், யாருக்கும் தெரியாது. ஆனால் முகத்துக்கு நேராகச் சொல்கிறவள் என்று இத்தனை நாள் சொல்லிக்கொண்டு திரிந்தேனே, எதிரே ஒரு முகம் நின்றது அன்றைக்குத்தான். நான் பேசியதை ஒரு வார்த்தை விடாமல் அவரிடம் சொன்னேன். தப்பு செய்துவிட்டேன், மன்னித்துவிடுங்கள் என்றேன்.

அவர் கையில் இருந்த துணியால் பிளேடைத் துடைத்தார். "பத்துக்கு மூணா? பரவால்லியே. பத்தாவது கணக்குல நான் நூத்துக்கு ஒம்போது," என்றார். அப்புறம் அந்த ஷெட்டில் டீ வந்தது. எனக்கும் சேர்த்துத்தான். ஆபீஸுக்கு நான் போய்ச் சேரும்போது பதினொன்றரை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, எங்கள் வீட்டில் அதே நாலு பேரும், அதே மேஜையில், உறையை உருவிப்போட்டுவிட்டு விளையாடினோம். மூன்றாவது மாடிக்காரர் சொத்தைக் கத்தரிக்காய்க்குப் பயந்து பைக்குள் கையை வைத்தபடியே திருதிருவென்று முழித்ததைப் பார்க்க வேண்டுமே! விதித் தாளையும் திரும்ப எடுத்துப் படித்தேன். 'தடவிப் பார்த்து, வேண்டிய காயை எடுக்கவும்' என்று நல்ல பெரிய எழுத்தில் அச்சிட்டிருந்தது. பை என்றால் வந்ததை எடுப்பதுதான் என்று நூறு விளையாட்டு விளையாடிய தலை முடிவு செய்துவிட்டதால், கண் அந்த வரியைத் தாண்டிப் போயிருக்கிறது. பழைய வீடியோவை நான் அழிக்கவில்லை. அதன் தலைப்பிலேயே 'இந்த விமர்சனம் தப்பு' என்று எழுதிவிட்டு, புதிதாக ஒன்று எடுத்தேன். முதல் முறையாக முகத்தைக் காட்டி எடுத்த வீடியோ அது. கிண்டலுக்குப் பஞ்சமில்லை. 'ரிமோட் கவர் அக்கா' என்ற பட்டம் இன்றுவரை நிலைத்திருக்கிறது.

வானகரம் மண்டபத்தில் அவருக்கு டேபிள் கிடைத்தது. டேபிளை ஓரமாகத் தள்ளிவிட்டு, ரயிலில் மாதிரி எதிரும் புதிருமாக நாற்காலி போட்டு விளையாட வைத்தார். ஸ்டேஷன் பெயர் கூவும் பொறுப்பு உரத்த குரல் அம்மாவுக்கு. மைக் தேவைப்படவில்லை. பாகற்காய்ப் பல் வளைத்தவர் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்து, யாராவது தடவிப் பார்த்துச் சரியாக எடுக்கும்போதெல்லாம் தனக்கே மார்க் விழுந்தது போல் தலையாட்டினார். நான் இரண்டு நாளும் அங்கேதான் கிடந்தேன். அப்படிச் சந்தோஷமாக நான் எந்த மேளாவிலும் இருந்ததில்லை.

இப்போதும் நான் விமர்சனம் போடுகிறேன், உறையும் போடுகிறேன். அந்தப் பைத்தியம் போகாது. ஆனால் அன்று நேராக வெட்டப்பட்ட அந்த ஒரு கட்டைக் கேட்டு வாங்கி வந்து அலமாரியில் கண்ணில் படுகிற இடத்தில் வைத்திருக்கிறேன். ஓரம் துளி பிசகாத, யாரும் விளையாட முடியாத காய்கறிகள். மற்றவர்கள் செய்த இத்தனை விளையாட்டுக்கு நடுவில் நான் செய்தது என்று சொல்லிக்கொள்ள இருப்பது அந்த ஒன்றுதான். புதுப் பார்சல் வரும்போதெல்லாம் அதை ஒரு முறை பார்த்துவிட்டு, முதலில் வெறும் கையால் தொட்டுப் பார்க்கிறேன்.